அறுநூறு அடி எர்த்து

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். மூன்றடி சாரைப்பாம்பு என் வாய்க்குள் புகுந்தால் ஏழடி நாகமாகத்தான் வெளியே வரும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி கமலவேணி, "அவரு சொல்றதுல பாதியக் கழிச்சுப்போடுங்க, மிச்சத்துல பாதிய நம்புங்க" என்று என் எதிரிலேயே சொல்வாள். ஆனால் நான் முப்பத்தோரு வருடம் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, மணிக்கு மணி மீட்டர் பார்த்து நோட்டில் எழுதியவன். வாயால் சொல்லும்போது கூட்டுவேன். நோட்டில் ஒரு நிமிடம்கூடக் கூட்ட மாட்டேன். இங்கே வரும் தேதியும் மணியும் என் நோட்டில் இருப்பவை. திருச்செங்கோட்டுப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். நோட்டைத்தான். அந்த அறையை அல்ல.

2025 ஜூன் மாதம்.

என் மருமகள் ரஞ்சனி, பேத்தி நிலா பிறந்ததிலிருந்து நான்கு வருடம் வேலைக்குப் போகாமல் இருந்தாள். குழந்தை தூங்கும் நேரத்தில் படித்துப் படித்து மெடிக்கல் கோடிங் பரீட்சை எழுதினாள். இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறை தேறி, சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை வாங்கினாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து எண் போடும் வேலை. அடுத்தவர் நோயைப் பற்றிய விஷயம் என்பதால் கம்பெனி ஏழு பக்கத்துக்கு விதிமுறை அனுப்பியிருந்தது. மேஜையில் பேப்பர், பேனா, போன் எதுவும் இருக்கக் கூடாது. ஒயர் கண்ணில் படக் கூடாது. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. பேச்சில் வேறு குரல் கேட்கக் கூடாது. மூன்று புகார் வந்தால் வேலை போய்விடும்.

மகன் யோகேஷ் ஓசூரில் இருக்கிறான், வார விடுமுறைக்குத்தான் வருவான். ஆகவே ஆபீஸ் அமைக்கும் பொறுப்பை நானே பறித்துக்கொண்டேன். அடடா, என்ன ஆபீஸ் அது! பின்னறையில் ஒரு வெள்ளை மேஜை, அதன் மேல் திரை மட்டும். கீபோர்டு டிராயருக்குள். சிபியு, யுபிஎஸ், மோடம் எல்லாம் மூலையில் ஒரு மர அலமாரிக்குள். காற்றுப் போக வேண்டும் என்று ஆசாரி அதன் கதவில் சின்னச் சின்னதாகத் துளை வைத்துப் பூ வேலை செய்துவிட்டார். அது அச்சு அசலாகப் பூஜை அலமாரி போல வந்துவிட்டது. ராசிபுரத்திலிருந்து வந்த என் சித்தி மகள் செருப்பைக் கழற்றி, மோடத்தின் முன் கண்ணை மூடி நின்று, உள்ளே மினுக்கிய பச்சை விளக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

ஜூன் 8, ஞாயிறு, மாலை 6.20. எலக்ட்ரீசியன் வேல்முருகன் அலமாரிக்குப் பின்னால் குனிந்தபடி கூப்பிட்டான்.

"அண்ணா, எர்த்து பத்தலைங்ணா. தொட்டாச் சுள்ளுங்குது. தரைய ஒடைச்சுக் குழி போடோணும்."

"புது டைல்ஸுப்பா! என்ற ஊட்டுக்காரி என்னையப் பொதைச்சுப்போடுவா."

"அப்ப... இது என்ன பைப்புங்ணா?"

அந்த மூலையில் தரைக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய், மூடி வெல்டிங் வைத்தபடி நிற்கும். இத்தனை நாள் அதன் மேல் அரிசி டிரம் வைத்திருந்தோம்.

"தோத்த போர். எடம் வாங்கறப்பவே இருந்துச்சு. அறுநூறு அடி போட்டும் வெறும் புகைதானாம். தண்ணி இல்ல."

"அறுநூறு அடிங்களா! தங்கமாட்ட எர்த்துங்ணா இது. இதை உட்டுப்போட்டு எதுக்குக் குழி?"

கிளாம்ப் போட்டுப் பச்சை ஒயரை முடுக்கினான். சுள்ளென்பது நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் டீக்கடையில் அறுநூறை எண்ணூறாக்கிச் சொன்னேன்.

எங்கள் பக்கம் தோற்ற போர், அதாவது தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணறு, இல்லாத காடும் கிடையாது, வீடும் கிடையாது. அதில் எர்த்து எடுப்பதும் புதிதல்ல. அதனால் யாரும் யோசிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள். ரஞ்சனி முதல் கால் பேசிவிட்டு நான்கு மணிக்கு வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, நீங்க ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"இல்லையே சாமி. முன்னாடிதான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன்."

என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய், முதல் புகார். புதன், இரண்டாவது புகார். அன்று மாலை 5.05-க்குச் சென்னையிலிருந்து அறிவுச்செல்வி என்ற அதிகாரி போன் செய்தார். ரஞ்சனி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரஞ்சனி, ரெக்கார்டிங்ல ஒரு ஆம்பளக் குரல் இருக்கு. மூணு நாளும் கரெக்டா மூணு பத்துக்கு. 'இன்னொரு ராடு எறக்குங்க'ன்னு சொல்றாரு. உங்க வீட்ல போர் போடறாங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ யார் அவர்?"

மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். நிலாவையும் சேர்த்துத்தான்.

பார்க்கத்தான் செய்வார்கள். போன தீபாவளிக்குத் தாசில்தார் குரலில் போன் செய்து, என் மச்சினனை ரேஷன் கார்டோடு சேலம் கலெக்டர் ஆபீஸ் வரை தாட்டி விட்டவன் நான். ஊரில் யார் குரல் வேண்டுமானாலும் என் தொண்டையில் இருக்கும்.

"சத்தியமா நானில்ல கண்ணு."

ரஞ்சனி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "உங்களுக்கு வெளையாட்டுங்க மாமா. எனக்கு நாலு வருசம்."

அன்று இரவே நோட்டில் 3.10 என்று குறித்துக்கொண்டேன். எப்படியாவது அந்த ஆளைப் பிடித்து அவள் முன் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். முதல் சந்தேகம் வேல்முருகன் மேல். எங்கேயோ ஒரு சின்ன ஸ்பீக்கரைச் செருகி வைத்திருக்கிறான்.

ஜூன் 12, வியாழன். அவளுக்கு ஆபீஸ் கால் இல்லாத நாள். அலமாரியைத் துணி உதறுவது போல உதறினேன். ஸ்பீக்கர் இல்லை. ஆனால் அடித்தட்டில் சாம்பல் நிறத்தில் ஏதோ மாவு... முகப் பவுடரை விட மெல்லியது. துடைத்தேன். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

3.10.

ணங்...

இரும்பில் இரும்பு மோதும் சத்தம். ஒரே ஒரு தடவை. அலமாரிக்குள்ளிருந்து.

திறந்து பார்த்தேன். துடைத்த தட்டில் மறுபடி அதே மாவு.

வெள்ளிக்கிழமையும் அவளுக்குக் கால் இல்லை. நான் இன்னும் உஷாரானேன். அலமாரிக் கதவுக்குப் பேப்பர் ஒட்டி, கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தேன். 3.10-க்கு ணங். சீல் கிழியவில்லை. உள்ளே மாவு இருந்தது.

வேல்முருகனைப் பிடித்து வந்தேன்.

"எனக்கு வேற சோலி இல்லீங்களா? உங்க ஊட்டுல எதுக்குங்ணா ஸ்பீக்கர் வெக்கறேன்?" என்று கோபமாகக் குனிந்தவன், கிளாம்ப் சரியாக இருக்கிறதா என்று குழாயைத் தொட்டான். வெடுக்கென்று கையை எடுத்தான்.

"என்னப்பா?"

"கரண்டு இல்லீங்ணா... வெதுவெதுன்னு இருக்குது."

"ஒயரைக் கழட்டிரலாமா?"

"அதை மட்டும் கழட்டிப்போடாதீங்க. மிஷினு போயிரும்." சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான். டெஸ்டரை மறந்து வைத்துவிட்டான். அதை எடுக்க இன்று வரை வரவில்லை.

ஜூன் 14, சனி. மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை ஊருக்கே கரண்டு இல்லை. கமலவேணியும் ரஞ்சனியும் குழந்தையோடு சங்ககிரிக்குப் போயிருந்தார்கள். நான் யுபிஎஸ்ஸை அணைத்து, பேட்டரி ஒயரையும் பிடுங்கி வெளியே வைத்தேன். இப்போது எந்த மிஷின் பேசும்? பார்க்கலாம்.

வீட்டில் நான் மட்டும். மின்விசிறி இல்லை. பிரிட்ஜ் சத்தம் இல்லை. பட்டப்பகல். ஜன்னலில் வெயில் கொதிக்கிறது.

3.08. ஒன்றுமில்லை.

3.09. ஒன்றுமில்லை.

3.10.

ணங்...

அதோடு நிற்கவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கட்டைக் குரல். களைத்த குரல்.

"இன்னொரு ராடு எறக்குங்க... கெடைச்சுரும்."

நான் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வரை போய்விட்டேன். ஓடினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு, யோகேஷ் வந்திருந்தான். எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கமலவேணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, இதுல பாதியக் கழிச்சா என்னங்க மிஞ்சும்?"

3.10-க்கு ணங் என்றது. "பக்கத்து ஊட்டு கேட்டுங்கப்பா" என்றான் யோகேஷ். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டான். "நாளைக்கு ரஞ்சனிக்குப் பெரிய ஆடிட்டு கால். ரெண்டே முக்காலுல இருந்து மூணரை வரைக்கும். நீங்க அந்த நேரத்துல மலைக்குப் போயிட்டு வாங்கப்பா. சாமி கும்பிட்டாப்புலயும் இருக்கும்."

என் வீட்டிலிருந்து என்னையே வெளியேற்றுகிறார்கள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் மலையில் இருந்தாலும் அந்தக் குரல் வரும். மூன்றாவது புகார் வரும். அவள் நான்கு வருடம் அதோடு போகும். நான் மலையிலிருந்தே போனில் பேசிவிட்டேன் என்றுகூடச் சொல்வார்கள்.

ஜூன் 16, திங்கள். இரண்டு மணிக்கு எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாகப் போனேன். 2.25-க்குப் பின்வாசல் வழியாக வந்தேன். ஒயர்களுக்காக அலமாரியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித்தான் போட்டிருந்தோம். அந்தச் சந்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். கையில் ஒரு ஸ்பேனர். ஆளாக இருந்தால் ஒரு போடு. ஆளில்லை என்றால்... அதை நான் யோசிக்கவில்லை.

விதிமுறைப்படி நான் அங்கே இருக்கவே கூடாது. நான் தும்மினால்கூட அவள் வேலை போய்விடும். வாயை மூடத் தெரியாத ஒருவன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2.45. மரப் பலகைக்கு அந்தப் பக்கம் ரஞ்சனி பேச ஆரம்பித்தாள். தெளிவான இங்கிலீஷ். என் மருமகளா இது என்று ஒரு நிமிடம் பயம்கூட மறந்தது.

3.06. குழாய் மூடியின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்தது. மெல்லிய புகை. என் முழங்காலில் படிந்தது. மாவு.

3.08. குழாய் நடுங்கியது.

3.09. பச்சை ஒயர் மெதுவாக அசைந்தது... குழாயைச் சுற்ற ஆரம்பித்தது... ஒரு சுற்று... இரண்டு சுற்று... உள்ளே ஏதோ சுழல்வது போல.

டீசல் வாசனை.

என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பக் கூடாது என்று நினைத்தேன்.

திரும்பிவிட்டேன்.

ஒரு கை.

முழங்கை வரைக்கும் கல்மாவு அப்பிய கை. அதற்கு மேலே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஐந்து விரலையும் விரித்து, எறக்கு எறக்கு என்று கீழே அமர்த்தத் தயாராக, காற்றில் நின்றது.

3.10.

வாய் திறக்கும் சத்தம் கேட்டது. எச்சில் பிரியும் சத்தம்.

நான் அலற வேண்டும். அலறினால் அவள் வேலை போய்விடும். அது பேசினாலும் போய்விடும்.

ஸ்பேனரை மடியில் வைத்தேன்.

இரண்டு கையையும் கூப்பினேன்.

தலையால் பலகைக்கு அந்தப் பக்கம் காட்டினேன். அங்கே ஒரு பிள்ளை வேலை பார்க்கிறது... முடிக்கட்டும்... என்று மனதுக்குள் சொன்னேன்.

அந்தக் கை அப்படியே நின்றது.

3.11. 3.15. 3.20.

இறங்கவில்லை. கலையவில்லை. மூச்சு மட்டும் என் கழுத்தில். சூடாக. இருபது நிமிடம்.

3.30. "தேங்க் யூ, பை" என்றாள் ரஞ்சனி. ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள்.

3.31. கை இறங்கியது.

ணங்...

"இன்னொரு ராடு எறக்குங்க."

சத்தமாக இல்லை. இத்தனை நேரம் காத்திருந்த ஆள் பேசுவது போல, தணிந்த குரலில்.

அப்போதுதான் அலறினேன். நான்கு தெரு கேட்டிருக்கும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஸ்பேனரைத் தடவி எடுத்து, கிளாம்பைக் கழற்றி ஒயரைப் பிய்த்து எறிந்தேன். நட்டு சுட்டது. விரலில் கொப்புளம். ரஞ்சனி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். தலை முதல் கால் வரை சாம்பல் பூசி நான் உட்கார்ந்திருந்தேன்.

 அந்தக் குரலை அவளும் கேட்டுவிட்டாள். என் தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, "எந்திரிங்க மாமா" என்றாள். 

மறுநாளிலிருந்து சத்தம் இல்லை. குரல் இல்லை. வேறு எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்து, வாசலில் குழி போட்டுப் புது எர்த்து எடுத்தோம். மூன்றாவது புகார் வரவே இல்லை. ஆடிட்டில் நல்ல பெயர். இனி தொந்தரவு இல்லை என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

கமலவேணி மட்டும் விடவில்லை. அந்தப் போரை ஜல்லி போட்டு மூடச் சொன்னாள். எவ்வளவு ஜல்லி வேண்டும் என்று தெரிய ஆழம் பார்க்க வேண்டும். அதற்குச் சென்னிமலை என்பவரைச் சொன்னார்கள். ஒரு காலத்தில் போர் போடும் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போனவர், இப்போது போருக்கு மோட்டார் இறக்குகிறார்.

ஜூலை 7, திங்கள், 3.25-க்கு வந்தார். அறைக்குள் நுழைந்தவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது மாதையன் எடமுங்களே?"

"எந்த மாதையன்?"

"எங்க டிரில்லருங்க. ஒன்பது ஸ்டேட்டுல போர் போட்டவரு. அவரு கை வெச்சா எங்கியும் தண்ணி வரும்பாங்க. சொந்தமா இந்த எடத்தை வாங்கி, தொண்ணூத்தி ஒம்பதுல, ரிக்கு ராஜஸ்தான் போறதுக்கு முந்தின நாளு அதை ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கி, தனக்குன்னு போட்டாருங்க. அறுநூறு அடி. வெறும் கல்மாவுப் புகை. லாரி ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டான், போதும் கெளம்புங்கன்னு. மத்தியானம் மூணு மணி இருக்கும்."

"அப்பறம்?"

"இன்னொரு ராடு எறக்குங்க, கெடைச்சுரும்னு கெஞ்சினாருங்க. ஒரு ராடு இருவது அடி. ஒன்னே ஒன்னு. நாங்க கேக்கலை. நாந்தானுங்க மொத ராடைக் கழட்டுனேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அடுத்த வருசம் ராஜஸ்தான்லயே காய்ச்சல்ல போயிட்டாரு."

துண்டைத் தோளில் போட்டார். மூடியை அறுத்தார். இரும்புக் குண்டு கட்டிய கயிற்றை உள்ளே விட்டார். நூறு அடிக்கு ஒரு சிவப்புக் குறி, நடுவில் இருபது அடிக்கு ஒரு கறுப்புக் குறி.

நானூறு. ஐந்நூறு. அறுநூறு.

கயிறு நிற்கவில்லை.

சென்னிமலை என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். ஜூன் 9 முதல் 16 வரை எட்டு நாள், எட்டு ராடு. எட்டு இருபது நூற்றறுபது. எழுநூற்று அறுபதில் நிற்க வேண்டும். என் கணக்குச் சரியாக வரப் போகிறது என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

எழுநூற்று அறுபது.

கயிறு நிற்கவில்லை.

எண்ணூறு. தொள்ளாயிரம். ஆயிரம். ஆயிரத்து நூறு.

ஆயிரத்து நூற்று எண்பதில் தளர்ந்தது.

மேலே இழுத்தார். குண்டைக் கையில் பிடித்தவர், "அய்யோ!" என்று தரையில் போட்டார். உள்ளங்கை சிவந்திருந்தது. குண்டு விழுந்த டைல்ஸில் ஈரம் இல்லை. கல்மாவு மட்டும்.

நான் நோட்டில் கணக்குப் போட்டேன். அறுநூறுக்கு மேல் ஐந்நூற்று எண்பது அடி. இருபத்தொன்பது ராடு. ஜூன் 9-இலிருந்து அன்று வரை...

இருபத்தொன்பது நாள்.

ஒயரைக் கழற்றியதும் நின்றது சத்தம் மட்டும்தான்.